கேட்டால் சொல்லும் கடிகாரம்

3 நவம்பர் 1996, ஞாயிறு

இது உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த 1994ஆம் வருடத்து டைரி. பக்கத்தின் மேலே ராகு காலம், கீழே ஒரு பொன்மொழி. இரண்டையும் அடித்துவிட்டு, தேதியைத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன். மனசைக் கொட்டுவதற்காக டைரி எழுதுகிற ஆள் நான் இல்லை. பேட்டரியில் ஓடும் மேஜைக் கடிகாரம் ஒன்று செய்யப்போகிறேன். எதை எங்கே இணைத்தேன், எது புகைந்தது என்று குறித்துவைக்க ஒரு நோட்டு வேண்டும். அவ்வளவுதான்.

காரணம் என் மைத்துனர் சௌந்தரபாண்டியன். சாத்தூரில் இரும்புக்கடை. ஞாயிறு தவறாமல், தங்கையைப் பார்க்கிற சாக்கில் கோவில்பட்டிக்கு வந்து, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னை ஆராய்வார். இன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அது இரண்டரை காட்டியது. "ரெண்டு இருபதா, அப்பக் கிளம்பலாம்" என்றார்.

இந்த வீட்டு அதிசயம் இது. சுவரில் தொங்குவது எப்போதும் பத்து நிமிடம் கூடக் காட்டும். பதினோரு வருடமாக அப்படி வைத்திருக்கிறவள் என் மனைவி இந்திராணி. ஆபீசுக்கும் பஸ்சுக்கும் பிந்தாமல் இருக்கவாம். வைத்தவளுக்கும் பத்து நிமிடம் கூட என்று தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். எல்லாரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு, கிளம்ப வேண்டிய அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறார்கள். பிறகு யாரை ஏமாற்ற இந்தப் பொய்? கேட்டால், "இருக்கட்டுமே, மனசுக்கு ஒரு தெம்பு" என்பாள். ஊர் பூராவும் இந்த வியாதி இருக்கிறது. முக்கு டீக்கடையில் ஐந்து நிமிடம் கூட, சலூனில் கால் மணி கூட. ஒரு தெருவுக்குள் நாலு நேரம்.

இதைச் சொன்னதும் மைத்துனர் சிரித்தார். "மாப்ளே, சும்மாதான இருக்கீங்க. சரியா ஓடுற மாதிரி நீங்களே ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்."

சும்மா. பாலிடெக்னிக்கில் பத்தொன்பது வருடம் மின்னணு ஆய்வகத்தை நடத்தியவன் நான். முதல்வர் அறைக் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடியது. அதைப் பார்த்துத்தான் அங்கே மணி அடித்தார்கள். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னேன். பேச்சு வளர்ந்து, மன்னிப்புக் கேள் என்றார்கள். ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் ஆகிறது. அங்கே இப்போதும் நான்கு நிமிடம் பிந்தித்தான் மணி அடிக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

சௌந்தரபாண்டியனுக்கு ஒரு கடிகாரம் காட்டுகிறேன்.

9 நவம்பர்

இந்திராணியின் கைக்கடிகாரம் நின்றுவிட்டது. "செல் போட்டுட்டு வந்திருங்க" என்று என் கையில் கொடுத்தாள். நாளை தீபாவளி, கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

17 நவம்பர்

மதுரைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தேன். எண் காட்டும் சிவப்பு விளக்குகள் நான்கு, எண்ணிக்கை ஓட்டும் ஐ.சி. சில்லுகள் அரை டஜன், எல்லாவற்றையும் பற்றவைக்க ஓட்டைப் பலகை ஒன்று. கிரிஸ்டல் மட்டும் இல்லை. "அடுத்த வாரம் வரும் சார்" என்றார் கடைக்காரர். எந்த அடுத்த வாரம் என்று கேட்டேன். வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

கடிகாரத்தின் உயிரே கிரிஸ்டல்தான். அரிசி பருமனில் ஒரு உலோகக் குழல். நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு தடவை அதிரும். அதைப் பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து தடவை வகுத்தால் சரியாக ஒரு நொடி மிஞ்சும். இவ்வளவு ஒழுங்கை நான் மனிதரில் பார்த்ததில்லை.

வீட்டிலும் ஒரு விசேஷம். இந்திராணி பதவி உயர்வுத் தேர்வு எழுதப்போகிறாளாம். பிப்ரவரி 23, மதுரை. நாற்பது வயது வரைதான் எழுதலாம், அவளுக்கு மார்ச்சில் நாற்பது முடிகிறது. ஆகவே இதுதான் கடைசி. பதினாறு வருடம் எழுத்தராக இருந்தவளுக்கு இப்போது கண்காணிப்பாளர் ஆசை. ஒரு சுற்றறிக்கையில் ஏழு பிழை விடுகிற ஆபீஸ் அது, அதில் எதைக் கண்காணிப்பது?

தேறியவர்களை வேறு ஜில்லாவுக்குத்தான் போடுவார்களாம். "தூரமாப் போட்டா என்ன செய்வ?" என்றேன்.

"போவேன்" என்றாள். தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போனால் இந்த வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். கடிகாரக் குறிப்பில் இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. போகட்டும்.

24 நவம்பர்

கிரிஸ்டலுக்காக இன்னொரு தடவை மதுரைக்கு அலைய முடியாது. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதன் வயிற்றிலிருந்து கிரிஸ்டலை எடுத்தேன். பதினோரு வருடம் பொய் சொல்லிக்கொண்டிருந்த உடம்புக்குள் இவ்வளவு யோக்கியமான உறுப்பு.

சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து வந்தவள் சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தாள். "இனி மணி பாக்க என்ன செய்ய?"

"ரேடியோ இருக்கே" என்றேன்.

"வாட்ச்சுக்காவது செல் போட்டீங்களா?"

நான் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் உருகும்போது பேச முடியாது.

8 டிசம்பர்

வெள்ளிக்கிழமை முதன்முதலாக எண்கள் எரிந்தன. மூன்று பேனா பேட்டரிக் கட்டை, சிவப்பாக நாலு எண். அழகாகத்தான் இருந்தது. இன்று காலையில் மங்கிப்போய் எட்டா ஆறா என்று தெரியவில்லை, மத்தியானம் செத்துவிட்டது. இரண்டு நாள். சிவப்பு விளக்கு பேட்டரியைக் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எவ்வளவு என்று கணக்கிட்டு வைத்திருந்தேன், கணக்கில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது.

மைத்துனர் அந்த நேரம் பார்த்தா வரவேண்டும். "மாப்ளே, மாசம் ஒரு லாரி கட்டை வேணும்போல இருக்கே" என்றார். இரும்புக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு எடை தவிர வேறெதுவும் தெரியாது.

15 டிசம்பர்

தீர்த்துவிட்டேன். எண்ணிக்கை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குச் சொட்டு மின்சாரம் போதும். விளக்கு மட்டும் அணைந்திருக்கும். பொத்தானை அமுக்கினால் மூன்று நொடி நேரம் காட்டிவிட்டு அணைந்துவிடும். ஒரு செட் கட்டை வருடக்கணக்கில் வரும். யாரும் பார்க்காதபோது எரிந்து என்ன புண்ணியம்?

இந்திராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அமுக்கினாள், 7.42 என்றது, அணைந்தது. மறுபடி அமுக்கிப் பார்த்தாள்.

"கேட்டாத்தான் சொல்லுமா?"

"ஆமா."

"உங்கள மாதிரியே" என்றாள்.

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கேட்காமல் வாயைத் திறக்கிறவர்களால்தான் இந்த ஊரில் பாதி தொல்லை.

22 டிசம்பர்

பேட்டரியை மாற்றி ஒரு வாரம். ஓடுகிறது. வாட்ச் செல்லைப் பற்றி மறுபடி கேட்டாள். மறந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை.

5 ஜனவரி 1997

புதிய தொல்லை. மிக்சி போட்டால் கடிகாரம் தாவுகிறது. நேற்று தேங்காய்ச் சட்னிக்கு ஏழு நிமிடம் முன்னால் போயிற்று, இன்று மிளகாய் அரைத்ததில் ஒரு மணி நேரம். மிக்சி மோட்டாரின் பொறி என் கம்பிகளில் ஏறுகிறது.

தடுக்கும் வழி தெரிகிறவரைக்கும் மிக்சி போடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்திராணி கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவி, பாடப்புத்தகத்தைக் கிணற்று மேடையில் விரித்துவைத்து, சட்டப்பிரிவு எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அரைத்தாள். மாடி வீட்டு ஜெபமணி டீச்சர் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இந்திரா, மிக்சி ரிப்பேரா?" என்றார். "இல்ல டீச்சர், கடிகாரம் ரிப்பேர்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கடிகாரம் ரிப்பேர் இல்லை. மிக்சிதான் ஒழுங்கில்லை.

19 ஜனவரி

ஒவ்வொரு ஐ.சி.க்குப் பக்கத்திலும் பொறியை உறிஞ்சிக்கொள்ள ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்தேன். தாவல் நின்றது. மிக்சிக்கு அனுமதி கொடுத்தாயிற்று.

இனி நொடிக் கணக்கு. ரேடியோவில் செய்திக்கு முன்னால் வருமே, அந்தப் பீப் ஒலியோடு தினமும் ஒப்பிடுகிறேன். ஒரு நாளைக்கு நாலு நொடி கூடுகிறது. சரிசெய்ய ஒரு சின்னத் திருகு இருக்கிறது. உலோகத் திருப்புளி கிட்டே போனாலே ஓட்டம் மாறிவிடும், பிளாஸ்டிக் வேண்டும். இந்திராணியின் சீப்பு வாலைத் தேய்த்துத் தட்டையாக்கினேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. தலைவாரும்போது தேடிவிட்டு, என் மேஜையில் பார்த்து எடுத்தாள். வாலைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். ஒரு சீப்புக்கு இவ்வளவு மௌனமா?

அவள் கூடத்து மேஜையில் படிக்கிறாள். ஜெபமணி டீச்சர் வந்து கேள்வி கேட்கிறார். நான் ஒரு நாள் ஒதுங்கி நின்று கேட்டேன். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாள். அந்த ஒன்பதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

9 பிப்ரவரி

வாரத்துக்கு ஒரு நொடி. பிசகு அவ்வளவுதான். கடையில் விற்கிற எந்தக் கடிகாரமும் கிட்டே நிற்க முடியாது. இதைச் சொல்லிக் காட்ட ஆள் இல்லை. பேப்பர்க்காரர் ஏழரைக்குத்தான் வருகிறார் என்று ஜெபமணி டீச்சர் சலித்துக்கொண்டபோது, ஏழு முப்பத்தி நாலு, சில நாள் முப்பத்தி ஆறு என்று திருத்தினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரட்டைச் சோப்பு டப்பா ஒன்றில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டேன். ஒரு அறையில் பலகை, மறு அறையில் கட்டை. மூடியில் எண்ணுக்கு ஒரு ஜன்னல், மேலே பொத்தான். இந்திராணி எடுத்துப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போனவள் திரும்பி வந்து சொன்னாள்: "பரீட்சைக்கு முன்னால மேஜையில வச்சிருங்க. பத்து நிமிசம் கூட்டி வச்சிருங்க என்ன? எனக்கு அப்பத்தான் கணக்கு சரியா வரும்."

"ம்" என்றேன்.

மூன்று வாரம் நொடி நொடியாகத் திருகிச் சரிசெய்ததை அறுநூறு நொடி தப்பாக வை என்கிறாள். எதற்கு இப்போது வாதம் என்றுதான் ம் என்றேன்.

16 பிப்ரவரி

மைத்துனர் வந்தார். தங்கைக்கு ஒரு பேனா, ஒரு பால்கோவா பொட்டலம். எனக்கு ஒரு யோசனை: "மாப்ளே, இந்திரா வெளியூருக்குப் போயிட்டா நீங்களும் கூடவே போயிருங்க. அங்கயும் சும்மா இருக்கலாம்ல."

பால்கோவாவை நான் தொடவில்லை. வாட்ச்சை இழுப்பறையிலிருந்து எடுத்து இந்திராணி பார்த்தாள், மறுபடி உள்ளேயே வைத்துவிட்டாள். நாளைக்குப் போடுகிறேன் என்று சொன்னேன்.

22 பிப்ரவரி, சனி

முடிந்தது. கடைசியாக ஒரு தடவை ரேடியோ பீப்போடு ஒப்பிட்டேன், இம்மியும் பிசகில்லை. உள்ளே இருந்த கட்டைகள் சோதனையிலேயே பாதி தீர்ந்திருந்தன. ரேடியோவில் போன வாரம்தான் புதிது போட்டிருந்தேன். அதை எடுத்து, எண்ணிக்கை நிற்காதபடி முதலில் பக்கத்தில் இணைத்துவிட்டு, இதில் போட்டாயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அமுக்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லி ரொம்ப நாள் ஆகிறது.

நேரம் சரியாக வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் பதினோரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக உண்மையான நேரம். அவள் எதுவும் கேட்கவில்லை.

காலை 6.20 பாசஞ்சர். ஸ்டேஷனுக்கு நடை பன்னிரண்டு நிமிடம். 6.05க்குக் கிளம்பினால் போதும் என்றாள். சரிதான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இந்திராணிக்கு ரயில் தவறிவிட்டது.

காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை. அவள் மேஜையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாலைந்து தடவை பொத்தானை அமுக்கினாள். கிளம்பும்போது கடிகாரம் 6.15. வழக்கம்போலப் பத்தைக் கழித்து 6.05 என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஸ்டேஷனுக்குப் போனபோது 6.27. ரயில் நேரத்துக்கே வந்து போய்விட்டது. பஸ்சைப் பிடித்து மதுரை, அங்கிருந்து டவுன் பஸ், பரீட்சைக் கல்லூரி வாசலில் 9.38. ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். எட்டு நிமிடம்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக மேஜைக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இது பத்து நிமிசம் கூட்டி வைக்கலையா?"

"சரியான நேரம்தான் வச்சிருக்கேன். கடிகாரத்துல எந்தத் தப்பும் இல்ல."

"இல்லதான்" என்றாள். "நான் கேட்டேன், அது சொல்லிச்சு. நீங்க எதுத்தாப்லதான் உக்காந்திருந்தீங்க. உங்ககிட்ட கேக்கலையே நான்."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானச் சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன். என்னைக் கேட்டால் தப்பு அந்தப் பத்து நிமிடப் பழக்கத்தில்தான் இருக்கிறது. பதினோரு வருடமாக நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

24 பிப்ரவரி

ஆபீசிலிருந்து வந்தபோது அவள் கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் கடையில் கொடுத்தாளாம். "ரெண்டு நிமிசத்துல போட்டுட்டாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

2 மார்ச்

மைத்துனர் வந்தார். இன்று என்னைத் தோலுரிப்பார் என்று தயாராக இருந்தேன். பதில்கூட வைத்திருந்தேன்.

"எப்படிம்மா விட்ட? கடிகாரம் கிடிகாரம் தப்பா ஓடிச்சா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேட்டார்.

"அதெல்லாம் இல்லண்ணே. கடிகாரம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் படிச்சுக்கிட்டே அசந்துட்டேன்."

அவர் எழுந்து வந்து பொத்தானை அமுக்கினார். தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். "பரவால்லையே மாப்ளே. அச்சு அசல்" என்றார். நவம்பரிலிருந்து இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

9 மார்ச்

பிப்ரவரி 23ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. சுற்றறிக்கையில் ஏழு பிழை என்று அந்த ஆபீசைக் கேலி செய்தவன் நான். என் ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும்.

பேப்பர் ஏழு முப்பத்தி நாலுக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்ததே கிடையாது. ஆறு மணிக்கு என் கையில் எந்தப் பேப்பரும் இல்லை.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 5.58க்கு அமுக்கினாள், பக்கத்தைத் திருப்பினாள். 6.05க்கு அமுக்கினாள். அந்த நேரம் எழுந்திருக்க வேண்டியவள், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பத்தைக் கழிக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 6.08க்குச் சொல்லியிருந்தாலும் ஓடிப் பிடித்திருப்பாள். வாய்வரைக்கும் வந்தது. 6.10. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, பிரிவு எண்களைச் சொல்லிப் பார்க்கிறாள். நன்றாகப் படித்திருக்கிறாள், தேறிவிடுவாள், போய்விடுவாள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

கேட்கவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தாள். பிப்ரவரி 9ஆம் தேதியே கேட்டாள், என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சுவர்க்கடிகாரம், ரேடியோ, வாட்ச். இந்த வீட்டில் நேரம் சொல்லக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாகவிட்டு, கடைசியில் மிஞ்சிய ஒன்றையும் அவளுக்குப் புரியாத மாதிரி வைத்தேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை. 6.05இலிருந்து 6.15 வரைக்கும் செய்தது மட்டும் நன்றாகத் தெரியும். பிறர் நான்கு நிமிடம் பிந்தியதற்காக ஊரைக் கூட்டியவன் பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

30 மார்ச்

அவளுக்கு நாற்பது முடிந்து மூன்று நாள் ஆகிறது. அன்று கேசரி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. சாப்பிட்டாள்.

இன்று சோப்பு டப்பாவை அவள் முன்னால் வைத்து, "பத்து நிமிசம் கூட்டி வச்சிரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க. சரியாவே இருக்கட்டும்" என்றாள். "நான் என் கணக்க மாத்திக்கிட்டேன்."

12 ஏப்ரல்

ஜெபமணி டீச்சர் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: "இந்திரா ராமநாதபுரம் போறாளாமே? நீங்களும் போறீங்களா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

ராத்திரி சாப்பிடும்போது அவளே சொன்னாள். ராமநாதபுரத்துக் கிளையில் போக ஆளில்லை. விருப்பப்பட்டுப் போகிறவர்களுக்கு வயது வரம்பில் இரண்டு வருடம் தளர்த்துகிறார்கள். போனால் அடுத்த பிப்ரவரியில் மறுபடி எழுதலாம். மார்ச்சிலேயே மனுக் கொடுத்திருக்கிறாள், உத்தரவு வந்துவிட்டது. மே ஐந்தாம் தேதி அங்கே சேர வேண்டும்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

அவள் மோரை ஊற்றினாள். நீங்கள் கேட்கவில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவளிடம் அந்தக் கெட்ட புத்தி கிடையாது.

"நீ படிச்சுக்கிட்டு இருக்கும்போது எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றேன். "அன்னைக்கு. நீ பத்தக் கழிக்கிறன்னு தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

"தெரியும்" என்றாள். "பேப்பரே வரலையே அன்னைக்கு அந்நேரம்."

அவள் இந்த டைரியைப் படித்திருக்கிறாளா என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. அன்று மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது, காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்று நானே அவளிடமும் சொல்லியிருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன்.

27 ஏப்ரல்

அவள் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். சீப்பு ஒன்று வாங்கினேன், வால் வைத்தது.

4 மே, ஞாயிறு

அதே 6.20 பாசஞ்சர். மதுரை போய் அங்கிருந்து ராமநாதபுரம்.

நாலரைக்கே எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன். இட்லியைப் பொட்டலம் கட்டினாள், கொடியில் கிடந்த என் சட்டைகளை மடித்து வைத்தாள், பால்காரருக்கு இனி அரைப்படி போதும் என்று சொன்னாள். சோப்பு டப்பாவை எடுத்து அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்து மேஜையிலேயே திருப்பி வைத்தாள். "எனக்குத்தான் கையில வாட்ச் இருக்கே. இது இங்கயே இருக்கட்டும். நீங்க எதாவது கேட்டா பதில் சொல்ல ஒண்ணு வேணும்ல" என்றாள்.

பிறகு பையின் வார் அறுந்திருந்ததைப் பார்த்து, ஊசியும் நூலும் எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. நான் பொத்தானை அமுக்கினேன். 6.01. அவள் தைத்துக்கொண்டிருந்தாள். 6.03. கையில் வாட்ச் கட்டியிருக்கிறாள், அவளுக்கே தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் இருந்தால் இன்னும் ஒரு நாள் இங்கே இருப்பாளோ என்ற எண்ணம் எனக்குள் வரவில்லை என்று எழுத மாட்டேன். வந்தது.

"மணி ஆறு மூணு" என்றேன். "இப்பக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும்."

நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேக்கலையே" என்றாள்.

"ஆமா."

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போனபோது 6.16. ரயில் வரவில்லை. சிமெண்டு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் குழம்பைச் சுடவைக்காமல் விட்டுவிடாதீர்கள் என்றாள். சரி என்றேன். பிப்ரவரி பரீட்சைக்கு முதல் நாள் வரட்டுமா, கூட இருக்கிறேன் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வாங்க" என்றாள்.

ரயில் 6.31க்கு வந்தது. பதினோரு நிமிடம் தாமதம். யாரையும் திட்டத் தோன்றவில்லை.